ஓவியர் மறைந்த பிறகு அவருக்குத் தனிநபர் கண்காட்சி வைக்கிறார்களே, ஏன்?

ஒரே கலைஞரின் படைப்புகளை அவர் காலமான பின் திரட்டிக் காட்டுவதுதான் இது. உயிரோடு இருக்கும்போதே வைத்திருக்கலாமே என்று தோன்றும், நியாயம்தான். ஆனால் படங்கள் பல வீடுகளில் சிதறிக் கிடக்கும். சிலருக்குத் தன்னை முன்னிறுத்தவே வராது. தாத்தா போன பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறப்பது மாதிரி, மொத்த உழைப்பும் அப்போதுதான் ஒன்றாகக் கண்ணில் படும்.

சென்னையில், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் வாழ்ந்தவர் கே. ராமானுஜம். கனவு நகரங்களை மைக்கோடுகளால் இழைத்து இழைத்து வரைந்தவர். 1973இல் இளம் வயதிலேயே மறைந்தார். பலர் அவரைக் கண்டுகொண்டது அதற்கு அப்புறம்தான்.

ஓவியர் இறந்தாலே படத்தின் விலை ஏறிவிடும் என்பது தவறு: அவர்தான் வரைந்தார் என்பதற்குச் சரியான பதிவு இல்லாவிட்டால் வாங்குபவர் தயங்குவார்.