ஆணி அடிக்கும் முன்

(முப்பது ஆண்டுகளாக ஓவியங்களுக்குச் சட்டம் போட்டு வருபவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்)

கேள்வி: கான்வாஸில் ஓர் இயற்கைக் காட்சி வாங்கினேன். கையால் வரைந்தது என்றார் விற்றவர். தடவினால் தூரிகைத் தடமும் தட்டுப்படுகிறது. என் மைத்துனரோ "இது வெறும் அச்சு" என்கிறார். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் விடுங்கள், ஒரு பூதக்கண்ணாடியை நம்புங்கள். அதற்கு முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒன்றைப் படத்தின் ஓரமாகச் சாய்த்துப் பிடியுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்கும். அந்த மேடுகள் படத்தோடு ஒத்துப்போகின்றனவா? மரக்கிளை ஒரு பக்கம் வளைந்திருக்க, தூரிகைத் தடம் அதைச் சட்டைசெய்யாமல் குறுக்கே ஓடினால், அச்சிட்ட படத்தின் மேல் யாரோ நிறமற்ற பசையை இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். இப்போது பூதக்கண்ணாடியை எடுங்கள். பூவிலும் கூரையிலும் வானத்திலும் ஒரே மாதிரி நுண்புள்ளிகள் தெரிந்தால் மைத்துனர் ஜெயித்துவிட்டார். கையால் பூசிய இடத்தில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் இழைந்திருக்கும். சில சமயம் தூரிகை மயிரொன்று வண்ணத்தோடு காய்ந்து ஒட்டிக்கிடக்கும். எதற்கும் படத்தைத் திருப்பி முதுகையும் பாருங்கள். நான் முகத்துக்கு முன் முதுகைத்தான் பார்ப்பேன். தொழில் புத்தி.

அதற்காக அச்சு என்றாலே மட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். ஓவியரே மரத்திலோ செம்புத் தகட்டிலோ செதுக்கி, இத்தனைதான் என்று கணக்கு வைத்து எடுத்து, கீழே பென்சிலால் 12/50 என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அது அசல் படைப்பு. ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது என்பது அந்த எண்ணின் பொருள். அச்சை அச்சென்று சொல்லி விற்பவரிடம் எனக்குச் சண்டையே கிடையாது.

கேள்வி: சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாக ஓவியம் தேடுகிறேன். சரிதானே?

பதில்: சோபா பத்து ஆண்டில் கிழிந்துவிடும். பிடித்த படத்தை வாங்குங்கள். அடுத்த சோபாவை அதற்குப் பொருத்தமாகத் தேடிக்கொள்ளலாம்.

கேள்வி: பெரியம்மா வரைந்து தந்த நீர்வண்ண ஓவியம், கூடத்தில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. வெளிறிவிட்டதோ என்று சந்தேகம். வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பதில்: தினமும் பார்ப்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நானே அப்படித்தான் ஏமாந்தேன். என் முதல் நீர்வண்ண ஓவியம் அந்திவானமும் ஒரு படகும். பெருமை தாங்காமல் வெயில் விழும் சுவரில் மாட்டினேன். ஏழு ஆண்டு கழித்துக் கண்ணாடி துடைக்கச் சட்டத்தைக் கழற்றியபோதுதான், படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குள் வைக்கும் மவுண்ட் அட்டைக்கு அடியில் ஒளிந்திருந்த விரல்நக அகல விளிம்பைப் பார்த்தேன். அங்கே மட்டும் இளஞ்சிவப்பு அப்படியே இருந்தது. அதை ஒட்டி, அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல, வானம் சாம்பலாகத் தொடங்கியது. படகு என்னவோ மாறவில்லை. அது முதலிலிருந்தே பழுப்பு.

வான்கோ 1888இல் ஆர்ல் ஊரிலிருந்த தன் படுக்கையறையை வரைந்தபோது, சுவர்கள் வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதினார். இன்று அந்தச் சுவர்கள் நீலம். ஊதாவுக்குள் இருந்த சிவப்பு மங்கிப்போய்விட்டது. போன நிறம் திரும்பாது. உங்கள் படத்தின் மவுண்டுக்கு அடியிலும் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். பிறகு ஜன்னல் இருக்கும் சுவருக்கே அதை மாற்றுங்கள். அங்கே நேர்வெயில் படாது. தாளில் வரைந்தவற்றை அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில்தான் வைக்கின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கொஞ்சம் காப்பாற்றும், முழுக்கக் காப்பாற்றாது. கழற்றியது கழற்றியாகிவிட்டது, மவுண்டையும் அமிலமற்ற அட்டைக்கு மாற்றிவிடுங்கள். மலிவு அட்டை காலப்போக்கில் தாளில் பழுப்புக் கோடு போடும்.

எண்ணெய் வண்ணத்தின் குணம் வேறு. அதை இருட்டுப் பெட்டிக்குள் பூட்டிவைத்தால் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளித்துவிடும். அதற்குக் கொஞ்சம் பகல் வெளிச்சம் வேண்டும்.

கேள்வி: நவீன ஓவியம் எதுவும் எனக்குப் புரிவதில்லை. கண்காட்சிக்குப் போகவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சம் எதற்கு? காகிதத்தை வெட்டி ஒட்டி பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் செய்த 'படகு' என்ற படத்தை, 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமே 47 நாள் தலைகீழாக மாட்டிவைத்திருந்தது. கண்டுபிடித்தவர் ஒரு சாதாரணப் பார்வையாளர். நீரில் தெரியும் பிம்பத்தைவிடப் படகில்தானே ஓவியர் கூடுதலாக மெனக்கெட்டிருப்பார் என்று அவர் யோசித்தார். அவ்வளவுதான். பத்துப் படத்தைக் கடந்து ஓடாமல் ஒரு படத்தின் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். கால் வலித்தாலும் பரவாயில்லை.

கேள்வி: சின்ன வீடு, சின்னச் சம்பளம். ஓவியம் சேர்க்க ஆசைப்படலாமா?

பதில்: ஹெர்பர்ட் வோகல் நியூயார்க்கில் அஞ்சல் ஊழியர், மனைவி டொரத்தி நூலகர். டொரத்தியின் சம்பளத்தில் குடும்பம், ஹெர்பர்ட்டின் சம்பளத்தில் படங்கள். கைக்கு எட்டும் விலையா, ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குள் நுழையுமா என்று மட்டும் பார்த்தார்கள். சேர்ந்தவை நாலாயிரத்துக்கும் மேல். அவற்றை வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுக்க 1992இல் ஏற்பாடு செய்தார்கள். நாலாயிரம் வேண்டாம், நீங்கள் நாலில் தொடங்குங்கள்.

கேள்வி: கணவர் நெட்டை, நான் குட்டை. எந்த உயரத்தில் மாட்டுவது என்று வீட்டில் தினமும் வாக்குவாதம்.

பதில்: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர். உட்கார்ந்தே பார்க்கும் அறை என்றால் இன்னும் ஒரு சாண் இறக்கலாம். படத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் இருவரும் பாருங்கள். ஆணி மூன்றாம் நாள்.