பழைய மதிப்பெண் பட்டியலை முதலில் எடுங்கள்

கேள்வி: மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தேன். திருமணமாகி டர்பன் வந்த பிறகு ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எனக்கு வயது 38. பள்ளியில் அறிவியல் கற்பிக்க ஆசைப்படுகிறேன். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: இப்போதே விட வேண்டாம், அம்மா. முதலில் பெட்டியில் கிடக்கும் உங்கள் பி.எஸ்சி. மதிப்பெண் பட்டியலை எடுத்து, துணைப்பாடமாக இயற்பியல் படித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 10 முதல் 12ஆம் வகுப்பு வரை வேதியியல் தனிப்பாடம் அல்ல. இயற்பியலோடு சேர்த்து ‘பிசிக்கல் சயன்சஸ்’ என்று ஒரே பாடமாக நடத்துகிறார்கள். 12ஆம் வகுப்பு இறுதித் தேர்வான மெட்ரிக்கில் முதல் தாள் இயற்பியல், இரண்டாம் தாள் வேதியியல், இரண்டுக்கும் தலா 150 மதிப்பெண். கரும்புச் சாற்றின் ‘பிரிக்ஸ்’, ‘போல்’ என்னும் சர்க்கரை அளவுகளை அளந்து பழகிய நீங்கள் நியூட்டன் விதிகளையும் மின்சுற்றையும் கரும்பலகையில் போட்டு விளக்க வேண்டியிருக்கும். ஆகவே ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்க்கும் பல்கலைக்கழகம் உங்கள் எம்.எஸ்சி. பட்டத்தைவிட இளங்கலையில் எந்தப் பாடத்தை எவ்வளவு படித்தீர்கள் என்பதையே கூர்ந்து பார்க்கும். கல்லூரியிலிருந்து பாடத்திட்ட நகலையும் வரவழைத்து வையுங்கள்.

இந்தியப் பட்டம் என்பதால் வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் சாக்வா (SAQA) அமைப்பின் சான்று தேவை. அது கைக்கு வரத் தாமதமாகலாம் என்பதால் இன்றே விண்ணப்பியுங்கள். அடுத்தது பிஜிசிஇ என்னும் ஆசிரியர் பயிற்சி. முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு. பைன்டவுனில் உள்ள குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் எட்ஜ்வுட் வளாகம் உங்களுக்குப் பக்கம். வேலையில் இருந்துகொண்டே படிக்க யூனிசா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் 8 முதல் 12 வாரம் பள்ளியில் நின்று பயிற்சி பெற வேண்டும். அதற்கான விடுப்பைப் பற்றி ஆலையில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆசிரியர் மன்றமான சேஸில் பதிவு செய்யாமல் எந்தப் பள்ளியிலும் கற்பிக்க முடியாது; அதற்குக் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள்.

வேலை கிடைக்கும்போது, அது கல்வித் துறை நியமனமா, பள்ளி நிர்வாகக் குழு நியமனமா என்று கேளுங்கள். பின்னதில் சம்பளத்தைப் பள்ளியே தருகிறது. அரசு ஓய்வூதியம் பெரும்பாலும் இராது.

இந்தத் தாள் வேலைகளைவிட எனக்குக் கவலை தருவது வேறு. ஆய்வகத்தில் நீங்கள் ‘மோல்’ என்று துகள்களை எண்ணும் அலகைச் சொன்னால் எதிரில் நிற்பவருக்குப் புரிந்துவிடும். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நான் 10ஆம் வகுப்பு நடத்தியபோது ஒரு பையன் கேட்டான்: “மோல் என்பது எண்ணிக்கைதானே, பிறகு ஏன் கிராமில் நிறுக்கிறோம்?” நானும் சூத்திரத்தைத்தான் எழுதிப்போட்டேன். அவன் முகம் தெளியவில்லை. மறுநாள் அளவுக்குழாயில் 18 மில்லி தண்ணீரை ஊற்றி அவன் கையில் கொடுத்தேன். தேக்கரண்டிக் கணக்கில் மூன்றரைக்குச் சற்று மேல். அதுதான் ஒரு மோல் தண்ணீர். வங்கியில் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணாமல் எடைபோட்டு எண்ணுவதைச் சொன்னேன். “அப்படியென்றால் ஒரு காசின் எடை முதலில் தெரிய வேண்டுமே” என்றான். அணு நிறை எதற்கு என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டான். நமக்குப் பழகிப்போனதை இப்படி மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஒவ்வொரு நாளும் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்பதை வேலையை விடாமலே தெரிந்துகொள்ளலாம். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, நான்கைந்து நாள் விடுப்பில் 10ஆம் வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருங்கள். பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் ஒரு பாடம் நீங்களே நடத்திப் பாருங்கள். வகுப்பில் ஜூலு பேசும் பிள்ளைகள் பலர் இருப்பார்கள். ‘குங்கானி’ என்று ஒரு குரல் எழுந்தால் அது ‘ஏன்’ என்ற கேள்வி. அதற்கு விடை சொல்லும்போது உங்களுக்குச் சலிப்பு வருகிறதா, உற்சாகம் வருகிறதா என்று பார்த்து, அதன் பிறகு ராஜினாமா பற்றி வீட்டில் பேசுங்கள்.