வான் ரீனன் கணவாயில் பனி: முன்சக்கர இயக்கக் காருக்கு

வணக்கம் ஐயா. ஜூலையில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் செல்லும்போது கணவாயில் பனி பெய்தால் உங்கள் முன்சக்கர இயக்கக் கார் ஏறுமா, பிடிமானத்துக்காக டிக்கியில் மணல் மூட்டை வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மூட்டை வேண்டாம். எஞ்சினின் எடை இழுக்கும் சக்கரங்களின் மேலேயே இருப்பதுதான் இவ்வகைக் காரின் பலம்; பின்னால் பாரம் ஏற்றினால் முன்சக்கரங்களின் மீதான அழுத்தம் குறையும். சங்கிலி பூட்டுவதானாலும் முன்சக்கரங்களுக்கே பூட்ட வேண்டும். கியரைக் கையால் மாற்றும் கார் என்றால் இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளம்புங்கள்.

ஏற்றத்தைவிட, திரும்பி வரும்போதுள்ள இறக்கமே எனக்குக் கவலை தருகிறது. இழுப்பதும் திரும்புவதும் அதே இரண்டு டயர்களின் வேலை என்பதால், வளைவில் வேகம் சற்றுக் கூடினாலும் கார் வளையாமல் நேராகவே வழுக்கிச் செல்லும். அப்போது ஸ்டியரிங்கை மேலும் திருப்பாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கைச் சிறிது தளர்த்தினால் டயர்கள் மீண்டும் பிடிக்கும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். கைபிரேக்கைத் தொடவே வேண்டாம், அது பின்சக்கரங்களைப் பூட்டிக் காரைச் சுழற்றிவிடும்.

2024 செப்டம்பரில் பனியால் இதே கணவாய் வழியாகச் செல்லும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டு, பலர் இரவு முழுவதும் வண்டிகளிலேயே சிக்கியிருந்தார்கள். பனி எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதே என் உறுதியான ஆலோசனை. மீறிச் சிக்கிக்கொண்டால், ஹீட்டருக்காக எஞ்சினை இயக்குமுன் புகைக்குழாயை அடைத்த பனியை அகற்றுங்கள். இல்லையெனில் நச்சுப்புகை உள்ளே புகும். போர்வையும் குடிநீரும் டிக்கியில் அல்லாமல் இருக்கைக்கு அருகிலேயே இருக்கட்டும்.