சுவாவில் இன்டர்ன்ஷிப்: எர்ணாவூர்த் தங்கைக்கு ஒரு பதில்

எர்ணாவூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். புள்ளியியல் முதுகலை, இறுதியாண்டு. பிஜித் தலைநகர் சுவாவில், தீவு மக்களுக்கான புயல் காப்பீட்டுத் திட்டம் ஒன்றில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறதாம். "வரலாமா அக்கா? அங்கே எனக்கு உண்மையில் என்ன வேலை இருக்கும்? கையில் பணம் மிஞ்சுமா?"

பணம் மிஞ்சாது, தங்கச்சி. இந்த மாதிரித் திட்டத்துக்குப் பின்னால் ஐ.நா. இருக்கிறது. அதன் தலைமைச் செயலகம் இன்டர்ன்களுக்குச் சம்பளம் தருவதில்லை, யூ.என்.டி.பி. (ஐ.நா. வளர்ச்சித் திட்டம்) போன்ற சில அமைப்புகள் உதவித்தொகை தருகின்றன. உன்னுடையது எந்த வகை, விமான டிக்கெட் யார் பொறுப்பு, மருத்துவக் காப்பீடு உண்டா, இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதிக்கு யார் கடிதம் தருவார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள். சுற்றுலாப் பயணியாக வந்து இறங்கு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. சுவாவில் வாடகை கடிக்கும், மழை விடாது, அலமாரியில் வைத்த துணி பூஞ்சை பிடிக்கும். மீன் மட்டும் உன்னைக் கைவிடாது. இங்கே 'வாலு' என்று விற்பது நம் வஞ்சிரம்தான்.

வேலைக்கு வருகிறேன். நான் ராயபுரத்தில் வளர்ந்தவள்; இங்கே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் 44 உயிர்களைக் கொண்டுபோனபோது, எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் வாசல்கூடத் தெரியாது. நிறுவனத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. படகேறி ஒரு தீவுக்குப் போய், தகரக் கூரை வீடு ஒன்றின் சேதத்தை மதிப்பிட்டு வரும் செலவு, அந்த வீட்டுக்குத் தரவேண்டிய இழப்பீட்டையே விழுங்கிவிடும்.

2021-இல் இங்கே அறிமுகமான சிறு காப்பீடு அந்த மதிப்பீட்டாளரையே எடுத்துவிட்டது. தொடங்கியபோது ஆண்டுக்கு 100 பிஜி டாலர் பிரீமியம், அதிகபட்ச இழப்பீடு 1,000 டாலர். புயல் எவ்வளவு பக்கத்தில் எவ்வளவு வேகத்தில் கடந்தது என்பதுதான் கணக்கு. குறித்த எல்லையைத் தாண்டினால் பணம் வரும். உன் கூரை பறந்ததா என்று யாரும் பார்க்க வருவதில்லை. கரும்பு விவசாயிகள், மீனவர்கள், சந்தை வியாபாரிகள் இவர்களை மனத்தில் வைத்து ஐ.நா. மூலதன மேம்பாட்டு நிதியம் முன்னின்று கொண்டுவந்த திட்டம் இது. பிறகு டோங்காவுக்கும் வனுவாட்டுக்கும் போயிற்று.

நல்ல ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதன் வலியும் அங்கேயேதான் இருக்கிறது. கூரை பறந்திருக்கும், காற்றின் வேகம் எல்லையை எட்டியிருக்காது. நாடுகளுக்கே இப்படி நடந்திருக்கிறது. பசிபிக் நாடுகளுக்கென உலக வங்கி ஆதரவில் நடந்த பேரிடர்க் காப்பீட்டு முன்னோட்டத்தில், 2014 ஜனவரியில் இயன் புயலுக்குப் பிறகு டோங்காவுக்கு 12 லட்சம் அமெரிக்க டாலருக்கும் மேல் விரைவாகக் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு சாண்டா குரூஸ் தீவுகளில் நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கியபோது சாலமன் தீவுகளுக்கு ஒரு காசும் வரவில்லை. ஒப்பந்தத்தின்படி அது சரி. அந்த நாடு பின்னர் திட்டத்தைவிட்டே விலகிக்கொண்டது.

இங்கேதான் உன் ஊர் உனக்குக் கைகொடுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்து வலையும் படகும் பாழானதைப் பார்த்தவள் நீ. நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் எப்படிக் கொதிப்பார்கள் என்று உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணூரில் சண்டை போட ஓர் அதிகாரியாவது இருப்பார். இந்தக் காப்பீட்டில் எதிரே இருப்பது ஓர் எண். எண்ணோடு யார் சண்டை போடுவது? அதனால் கூட்டத்தில் விளக்க வந்தவரோடு போடுவார்கள். பல நேரம் அது இன்டர்ன்தான்.

எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு பெண்மணி கேட்டார்: "இந்த வருடம் புயல் வரவில்லையே, என் நூறு டாலரைத் திருப்பித் தருவீர்களா?" சீட்டுக் கட்டிப் பழகிய எந்தத் திருவொற்றியூர்க்காரியும் கேட்கக்கூடிய கேள்வி. வந்திருந்த இளைஞன் ஆங்கிலத்தில் நிகழ்தகவை விளக்கினான். அந்த அம்மா மறு ஆண்டு சேரவில்லை.

ஆகவே வருமுன் ஒன்றை உறுதிசெய்துகொள். உன்னை ஊர்களுக்கு அழைத்துப்போவார்களா, அல்லது ஆறு மாதமும் அலுவலகத்தில் எக்செல் அட்டவணைதானா? பின்னது என்றால் வராதே. அதை எர்ணாவூரில் உட்கார்ந்தே செய்யலாம், அம்மா கை மீன்குழம்பும் கிடைக்கும்.

ஊர்களுக்குப் போவதானால், பூர்வகுடியினரின் கிராமத்தில் நுழைந்ததும் யங்கோனா (காவா பானம் செய்யும் வேர்) கட்டைத் தலைவர் முன்வைத்து அனுமதி கேட்க வேண்டும், 'செவுசெவு' என்பார்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் சுலு, அதாவது இடுப்பில் சுற்றும் துணி, கட்டிக்கொள், தொப்பி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தேவாலய நாள், கூட்டம் வைக்காதே. மேற்கே லௌடோகா, பா பக்கத்துக் கரும்பு ஊர்களில் விண்ணப்பங்களில் கவுண்டர், நாயுடு, பிள்ளை என்று பெயர்கள் வரும். 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்தில் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பாசமாகத் தமிழில் ஆரம்பித்துவிடாதே. பெரும்பாலோர் பேசுவது பிஜி இந்திதான். எண்ணூர்ப் பக்கம் என்று சொல்லிப் பார், சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே புயல் பருவம். தேதியை நீ தேர்ந்தெடுக்கலாம் என்றால் செப்டம்பரில் வந்துவிடு. பருவத்துக்கு முன் ஆள் சேர்ப்பதையும் பார்க்கலாம், அது தொடங்கிய பின் யாருக்குப் பணம் வந்தது, யாருக்கு வரவில்லை என்பதையும் பார்க்கலாம். ஏப்ரலில் வந்தால் அறிக்கை தட்டச்சு செய்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.