சம்பா வயலில் கொம்புப் புழு: மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் 3 ஏக்கரில் சம்பா நட்டு 45 நாள் ஆகிறது. தலையில் இரண்டு கொம்போடு ஒரு பச்சைப் புழு அங்கொன்றும் இங்கொன்றுமாக இலையைத் தின்கிறது. பொழுது சாய்ந்தால் வரப்போரம் பழுப்பு வண்ணத்துப்பூச்சிகள் எழும்புகின்றன. இரண்டும் ஒன்றா? மருந்துக் கடையில் உடனே அடிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: மருந்து வாங்கிவிடாதீர்கள். நீங்கள் நினைத்தது சரி, இரண்டும் ஒன்றுதான். தலையில் செம்பழுப்புக் கொம்பு இரண்டு, வால் பக்கம் மஞ்சளாக இரண்டு முனை இருந்தால் அது பச்சைக் கொம்புப் புழு. மெலானிட்டிஸ் லீடா என்ற வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை இருக்கிறது.

இந்த வண்ணத்துப்பூச்சி வெயிலில் பூ தேடி அலையாது. பகலெல்லாம் மூங்கில் குத்து, வாழைத்தோப்பு, படுகையோரச் சருகு என்று நிழலில் ஒடுங்கிக் கிடக்கும். அழுகிய மாம்பழத்துச் சாற்றை உறிஞ்சும். அந்தியில்தான் கிளம்பும். மழைக்காலத்தில் பிறப்பதற்கு இறக்கையின் அடிப்பக்கம் கண் கண்ணாகப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். கோடையில் பிறப்பதற்கு அந்தப் பொட்டுகள் மங்கிவிடும், சருகுக்குள் உட்கார்ந்தால் சருகேதான். சித்திரையில் பார்த்ததும் இப்போது பார்ப்பதும் வேறு வேறு இனம் என்று பலரும் எண்ணுவது இதனால்தான்.

புல், மூங்கில், கரும்பு, நெல் எல்லாம் புழுவுக்கு இரைதான். நெல்லில் இலை ஓரத்தைக் கடிக்கும். மகசூலைத் தொடும் அளவுக்குப் பெருகுவது அரிது. நான் கவலைப்படுவது இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றித்தான். அது இலையை நீளவாக்கில் மடித்து உள்ளே பச்சையைச் சுரண்டும், இலை வெள்ளை வெள்ளையாகத் தெரியும். இந்தப் பருவத்தில் நூற்றுக்கு 10 இலைக்கு மேல் அப்படி வெளுத்தால்தான் மருந்தை யோசிக்க வேண்டும். கொம்புப் புழுவுக்கென்று இப்போதே அடித்தால் பூச்சியைத் தின்னும் சிலந்தியும், புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியும் செத்து, அப்புறம் இலைச்சுருட்டுக்கு வழி திறந்துவிடும். யூரியா மிஞ்சினாலும் இலைச்சுருட்டு பெருகும், அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.

ஏக்கருக்கு இருபது இடத்தில் டி வடிவக் குச்சி நட்டால் கரிச்சான் வந்து உட்கார்ந்து புழுவைப் பொறுக்கும். கதிர் பால்பிடிக்கும் முன் குச்சிகளைப் பிடுங்கிவிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு புழுவை இலையோடு பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தினமும் புது இலை கொடுங்கள். பச்சைக் கூட்டுப்புழுவாகத் தொங்கி, பிறகு அந்தப் பழுப்புப் பூச்சியே வெளிவரும். அதற்குப் பதில் சின்னக் குளவிகள் வந்தால் அவைதான் அந்த ஒட்டுண்ணிக் குளவிகள், அவற்றை வயலிலேயே விட்டுவிடுங்கள்.