சாவி ஷூவுக்குள் போன கதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது வீட்டுச் சாவியைக் காணவில்லை. கால் மணி நேரம் தேடிய பிறகு வலது ஷூவுக்குள் கிடைத்தது. பேன்ட் பாக்கெட்டின் அடியில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை. வெளித்துணி இன்னும் புதிதுபோலத்தான் இருக்கிறது. ஸ்டேப்ளர் அடித்தேன், இரண்டு நாள் தாங்கியது. மறுபடி வேறு இடத்தில் அடித்தேன். அப்புறம் ஊசி நூலால் இழுத்துத் தைத்தேன், அதற்குப் பக்கத்திலேயே கிழிந்துவிட்டது. ஆல்டரேஷன் கடைக்காரர் "இதெல்லாம் யார் சார் தைக்கிறா, புதுசு வாங்குங்க" என்கிறார். பேன்ட்டுக்கு நல்ல துணி போடுகிறவர்கள் பாக்கெட்டுக்கு ஏன் இப்படி ஒரு துணியைப் போடுகிறார்கள்? மிஷின் இல்லாமல் நானே சரிசெய்ய முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஷூவுக்குள் கிடைத்ததே, அதிர்ஷ்டக்காரர் நீங்கள். நான் ஒருமுறை பஸ்ஸில் "சில்லறை இல்லைங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, பேன்ட் கால் வழியாக ஓர் ஐந்து ரூபாய் நாணயம் இறங்கிக் கண்டக்டரின் காலடிக்கு உருண்டது. அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பாக்கெட் துணி மெல்லியதாக இருப்பதில் தப்பில்லை. தொடைமேல் இரண்டு அடுக்காகப் படிந்து கிடக்கிற துணி அது. தடிமனாகப் போட்டால் அயர்ன் செய்யும்போது அதன் ஓரம் வெளியே தடமாகத் தெரியும், வெயிலில் வியர்த்துக் கொட்டும். மெல்லியதாகவும் நெருக்கமாகவும் நெய்த துணி போட்டிருக்க வேண்டும், அங்கேதான் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். கடையில் நாமும் துணியைத் தடவிப் பார்க்கிறோம், இடுப்பைப் பார்க்கிறோம். பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்க்கிறவர் யார்?

பாக்கெட் கிழிகிற தொல்லை பழையது. அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் இருந்த ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர், உழைப்பாளிகளின் பேன்ட் பாக்கெட் முனைகளில் செம்பு ரிவெட் (துணியைக் கவ்விப் பிடிக்கும் சின்ன உலோகக் குமிழ்) அடித்துக் கொடுத்தார். அவரும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து அதற்கு 1873 மே 20 அன்று காப்புரிமை வாங்கினார்கள். ஜீன்ஸ் பிறந்தது அப்படித்தான். ஆனால் அந்த ரிவெட் காப்பது பாக்கெட்டின் வாயை. உங்கள் சாவி போனது அடி வழியாக.

மதுரை புதுமண்டபத்தில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார்: "ஓட்டையைப் பாக்காத தம்பி, அதுக்கு மேல இருக்கிற துணியைப் பாரு." தையல் மட்டும் விட்டிருந்தால் திரும்பத் தைத்தால் போதும். துணியே நைந்திருந்தால், ஓட்டையைச் சுற்றி இருப்பதும் நைந்த துணிதான். அதில் நூலை இழுத்துக் கட்டினால் பக்கத்தில் கிழியத்தான் செய்யும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

பேன்ட்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, பாக்கெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இழுத்தால் இழை விலகாத இடம் எது என்று பார்த்து, அதற்குக் கீழே உள்ளதை மொத்தமாக வெட்டி எடுத்துவிடுங்கள். பயப்படாதீர்கள். வெட்டிய துண்டுதான் உங்கள் அளவு. தையல் சாமான் கடையில் பாக்கெட் துணி என்று கேட்டாலே தருவார்கள், கால் மீட்டர் தாராளம். பழைய வேட்டி வேண்டாம், அது ஏற்கெனவே உழைத்துக் களைத்த துணி. புதுத் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள், பருத்தி சுருங்கும். சுற்றிலும் அரை அங்குலம், மேலே ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு இரண்டு துண்டு வெட்டி, பக்கங்களையும் அடியையும் சேர்த்து ஒரு சின்னப் பை மாதிரி தைத்துக்கொள்ளுங்கள். பிசிறு ஓரம் வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே இருந்தால் சாவி அதில் மாட்டும்.

இப்போது அந்தப் பையின் வாயை உள்ளே மடித்து, பழைய பாக்கெட்டின் அடியில் கீழிருந்து மேலாக மாட்டுங்கள். பழைய துணி உள்ளே, புதுத் துணி வெளியே. ஓடு வேய்கிற கணக்குதான், மேலிருந்து சறுக்கி வரும் நாணயம் எங்கும் தட்டாது. தைக்கும்போது முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாகச் சேர்ந்துவிடும் அபாயம் உண்டு. அதற்குப் பாக்கெட்டுக்குள் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நுழைத்துக்கொள்ளுங்கள். (வீட்டில் எப்படியும் இருக்கும்.) சுற்றிலும் இரண்டு வரிசை பின்தையல்: ஒவ்வொரு முறையும் ஊசியை ஒரு தையல் பின்னால் குத்தி, இரண்டு தையல் முன்னால் எடுப்பது. மிஷின் வேண்டியதில்லை. சொல்லப்போனால் இந்தக் குறுகின இடத்துக்குக் கைதான் வசதி.

ஒரு பாக்கெட்டுக்கு ஒரு சாயங்காலம் ஆகும். என் முதல் தையல் பாம்பு ஊர்ந்த மாதிரி இருந்தது, அதைப் பார்க்க யாரும் இல்லை.

சரி, எல்லாவற்றுக்கும் முன்னால் மிச்சமிருக்கிற ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கிவிடுங்கள். துவைக்கத் துவைக்க அது துருப்பிடித்து, கறை வெளித்துணிக்கு வந்துவிடும்.