சத்தம் கேட்கிறது, பறவையைக் காணோம்!

கேள்வி: கோடை விடுமுறையில் தினமும் காலை பத்து மணிக்குப் பைனாகுலரோடு தோட்டத்தில் உட்காருகிறேன். மரத்துக்குள் ஏதேதோ குரல்கள் கேட்கின்றன, ஒரு பறவைகூடக் கண்ணில் படுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பத்து மணிக்குப் போவதுதான் முதல் சிக்கல். பறவைகளுக்கு வியர்க்காது. வெயில் ஏறினால் இலையடர்ந்த கிளைக்குள் ஒண்டி, அலகைத் திறந்து மூச்சிரைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கிழக்கு வெளுக்கும்போதே போய்விடுங்கள். காற்று அடங்கியிருக்கும், குரலும் தெளிவாக வரும்.

முதல் பத்து நிமிடம் பைனாகுலர் மடியிலேயே இருக்கட்டும். ஒரே ஒரு குரலைப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைகளைக் காதுக்குப் பின்னால் குவித்து, தலையை மெல்லத் திருப்பினால் எந்தப் பக்கம் என்பது பிடிபடும். அங்கே காற்றில்லாமல் ஆடும் இலையைத் தேடுங்கள். பறவை தெரிந்ததும் பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து அதைத் தேடினால் போச்சு!

குரலை வைத்து இடத்தைக் கணிப்பதில் பழகியவர்களையும் ஏய்க்கும் பறவை ஒன்று உண்டு: செம்மார்புக் குக்குறுவான். செம்பு தட்டுவதுபோல 'டுக், டுக், டுக்' என்று நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் கூவும், உச்சி வெயிலிலும் ஓயாது. அலகை மூடிக்கொண்டே தலையை அங்கும் இங்கும் திருப்பிக் கூவுவதால், சத்தம் இடம் மாறுவதாகத் தோன்றும். காதை நம்பாமல் மரத்தின் உச்சியில் பட்டுப்போன கிளைகளைப் பாருங்கள். தையல்சிட்டு இதற்கு நேரெதிர். அந்தப் பெரிய குரலைக் கேட்டு மேலே தேடுவோம், அதுவோ இடுப்பளவு செடிக்குள் இருக்கும். குயிலில் ஆண்தான் கருப்பு. 'கிக்கிக்கிக்' என்று கத்தும் புள்ளிக்காரி அதன் ஜோடி. அதை வேறு பறவை என்றே பலர் எழுதி வைத்திருப்பார்கள்.

பகலில்தான் நேரம் கிடைக்கும் என்றால், நிழலில் அகலமான மண்தட்டு வைத்து இரண்டு விரல்கடை அளவு தண்ணீர் ஊற்றுங்கள், தினமும் மாற்றுங்கள். பூனை பதுங்கும் புதரிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். தவிட்டுக்குருவிக் கூட்டம் திடீரென்று ஒரே குரலாகக் கத்தினால் அவற்றைப் பார்க்காதீர்கள், அவை பார்க்கும் இடத்தைப் பாருங்கள். பூனையோ பாம்போ இருக்கும்.

அப்புறம், கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் வேலை வேண்டாம். இது கூடு கட்டும் காலம். இல்லாத எதிரியைத் துரத்தப் பறவை முட்டையை விட்டுவிட்டு வரும்.